நட்சத்திரங்கள் எல்லாம் ஒரே அணியிலா?



விளையாட்டுப் பீரியட். பத்துப் பேர் கூடைப்பந்து ஆட நிற்கிறீர்கள். அணி பிரிக்க வேண்டும். வகுப்பிலேயே உயரமானவன், சிட்டாகப் பறப்பவன், எங்கிருந்து போட்டாலும் பந்தைக் கூடைக்குள் இறக்குபவன் ஆகிய மூவரும் தோளில் கை போட்டுக்கொண்டு, "நாங்க மூணு பேரும் ஒரே டீம்!" என்கிறார்கள்.

ஆட்டம் தொடங்குகிறது. ஐந்து நிமிடத்தில் 12-க்கு 0. பத்தாவது நிமிடத்தில் தோற்கும் அணியில் ஒருவனுக்கு வயிற்றுவலி வந்துவிடுகிறது. தண்ணீர் குடிக்கப் போன இன்னொருவன் திரும்பி வரவே இல்லை. வேடிக்கை பார்த்தவர்கள் கலைந்துபோகிறார்கள். கடைசியில் ஜெயித்தவர்களுக்கே கொட்டாவி வருகிறது!

இது உங்கள் பள்ளி மைதானத்தில் மட்டும் நடப்பதில்லை. கோடி கோடியாகப் பணம் புரளும் உலகின் மிகப் பெரிய கூடைப்பந்துப் போட்டியிலும் நடந்திருக்கிறது. நம் கோவை, திருப்பூர், சேலம் அணிகள் ஆடும் கிரிக்கெட் போட்டியிலும் இந்தக் கேள்வி உண்டு. நல்ல ஆட்டக்காரர்கள் எல்லாம் ஒரே பக்கம் போய்ச் சேர்ந்துவிட்டால் ஆட்டம் என்ன ஆகும்? அதைத் தடுக்க என்ன செய்கிறார்கள்? வாருங்கள், பார்ப்போம்.

அமெரிக்காவைக் கலக்கிய முடிவு

கூடைப்பந்தைக் கண்டுபிடித்தவரும் ஓர் ஆசிரியர்தான். அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் உடற்பயிற்சி ஆசிரியராக இருந்த ஜேம்ஸ் நெய்ஸ்மித், 1891-ல் பீச் பழக் கூடைகளை மாடத்தின் விளிம்பில் மாட்டி இந்த ஆட்டத்தைத் தொடங்கினார். இன்று அந்நாட்டில் என்.பி.ஏ. என்ற பெயரில் 30 அணிகள் மோதும் போட்டி நடக்கிறது.

2016-ல் நடந்ததைக் கேளுங்கள். ஓக்லஹோமா சிட்டி தண்டர் என்ற அணியில் கெவின் டியூரன்ட் என்ற பெரிய ஆட்டக்காரர் இருந்தார். கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் என்பது இன்னோர் அணி. அந்தப் பருவத்தில் வாரியர்ஸ் ஆடிய 82 ஆட்டங்களில் 73-ல் வென்று, இதுவரை யாரும் செய்யாத சாதனையைச் செய்திருந்தது. அதில் ஸ்டீபன் கரி, கிளே தாம்சன், டிரேமண்ட் கிரீன் என்று மூன்று நட்சத்திரங்கள்.

அரையிறுதி போன்ற கட்டத்தில் இந்த இரண்டு அணிகளும் மோதின. ஏழு ஆட்டங்களில் நான்கில் வெல்பவருக்கு இறுதிப் போட்டி. டியூரன்ட்டின் அணி 3-1 என்று முன்னிலையில் இருந்தது. இன்னும் ஒன்றே ஒன்று வென்றால் போதும். ஆனால், அடுத்த மூன்றையும் வாரியர்ஸ் வென்றுவிட்டது!

சில வாரங்கள் கழித்து, ஜூலை 4-ஆம் தேதி டியூரன்ட் ஒரு முடிவை அறிவித்தார். தன் அணியைத் தோற்கடித்த அதே வாரியர்ஸ் அணியில் சேரப் போவதாகச் சொன்னார்!

எட்டு ஆண்டுகளாக அவரைத் தங்கள் வீட்டுப் பிள்ளைபோல் கொண்டாடிய ஓக்லஹோமா ரசிகர்கள் கொதித்துப் போனார்கள். மற்ற அணிகளின் ரசிகர்களோ, "இனி போட்டி எதற்கு? கோப்பையை இப்போதே கொடுத்துவிடலாமே!" என்றார்கள்.

அவர்கள் பயந்ததுபோலவே நடந்தது. 2017-ல் முதல் மூன்று வாரியர்ஸ் எதிரணிகளும் வெறுங்கையோடு திரும்பின. கோப்பைக்கான கட்டங்களில் வாரியர்ஸ் ஆடிய 17 ஆட்டங்களில் ஒன்றே ஒன்றில்தான் தோற்றது. 2018-லும் கோப்பை அவர்களுக்கே. அந்த இறுதிப் போட்டியில் எதிரணியால் ஓர் ஆட்டத்தில்கூட வெல்ல முடியவில்லை.

ஓர் ஆள் வந்தால் இவ்வளவு மாறுமா?

கிரிக்கெட்டில் ஓர் அணிக்கு 11 பேர். எவ்வளவு பெரிய மட்டையாளரும் அவுட் ஆகிவிட்டால் உட்கார வேண்டியதுதான். டி20-ல் ஒரு பந்துவீச்சாளர் 4 ஓவர்தான் வீச முடியும்.

கூடைப்பந்தில் ஒரு நேரத்தில் களத்தில் நிற்பவர்கள் ஐந்தே பேர். என்.பி.ஏ. ஆட்டம் 48 நிமிடம். அதில் நல்ல ஆட்டக்காரர் 35 நிமிடத்துக்கு மேல்கூட ஆடுவார். ஒவ்வொரு முறையும் பந்து அவர் கைக்கே வரலாம்; எதிரணியைத் தடுக்கவும் அவரே ஓடலாம். ஆகவே, கூடைப்பந்தில் ஒருவர் அணி மாறினால் அணியின் ஐந்தில் ஒரு பங்கே மாறியதுபோல! நான்கு நட்சத்திரங்கள் சேர்ந்தால் என்ன ஆகும் என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்.

எதிராளி இல்லாமல் வெற்றி ஏது?

மற்ற தொழில்களில் போட்டியாளர் இல்லை என்றால் கொண்டாட்டம். தெருவில் ஒரே ஒரு பேக்கரி இருந்தால் அதன் முதலாளிக்கு யோகம்தான். விளையாட்டு அப்படி இல்லை. எதிரணி இல்லை என்றால் ஆட்டமே இல்லை. எதிரணி மிகவும் பலவீனமாக இருந்தால் பார்க்க ஆளில்லை.

இதை விளக்க வால்டர் நீல் என்ற பொருளியல் அறிஞர் 1964-ல் குத்துச்சண்டையை உதாரணம் காட்டினார். ஜோ லூயி அமெரிக்காவின் மாபெரும் வீரர். 1936-ல் ஜெர்மனியைச் சேர்ந்த மாக்ஸ் ஷ்மெலிங் அவரைத் தோற்கடித்தார். 1938-ல் இருவரும் மறுபடி மோதியபோது உலகமே வானொலியைச் சுற்றி உட்கார்ந்து கேட்டது. லூயி முதல் சுற்றிலேயே வென்றார். ஷ்மெலிங் என்ற பலமான எதிராளி இல்லாவிட்டால் லூயியின் வெற்றிக்கு அவ்வளவு மதிப்பு வந்திருக்குமா?

ராமாயணத்தை நினைத்துப் பாருங்கள். ராவணன் சோப்ளாங்கியாக இருந்திருந்தால் ராமனின் வீரத்தை யார் பேசியிருப்பார்கள்? நல்ல எதிராளிதான் நம்மைப் பெரிய ஆளாக்குகிறான்.

அணி மாறுவது தவறா?

"அப்படியானால் டியூரன்ட் செய்தது தப்புதானே, ஐயா?" என்று கேட்பீர்கள். அவசரப்பட்டுத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். இதில் இன்னொரு பக்கமும் இருக்கிறது.

ஒரு காலத்தில் அமெரிக்க பேஸ்பால் வீரர்கள் தாங்களாக அணி மாறவே முடியாது. ஆனால், அணி நினைத்தால் வீரரைக் கேட்காமலே இன்னோர் அணிக்கு மாற்றிவிடும். 1969-ல் கர்ட் ஃபிளட் என்ற வீரரை, அவர் 12 ஆண்டுகள் ஆடிய செயின்ட் லூயிஸ் அணி அப்படி மாற்றியது. "நான் வாங்கி விற்கும் பொருள் அல்ல" என்ற எண்ணத்தோடு அவர் போக மறுத்து வழக்குப் போட்டார். 1972-ல் உச்ச நீதிமன்றத்தில் அவர் தோற்றார். அவருடைய விளையாட்டு வாழ்க்கையும் முடிந்துபோனது. ஆனால், அவர் எழுப்பிய குரல் வீண்போகவில்லை. 1975-ல் ஒப்பந்தம் முடிந்த வீரர்கள் விரும்பிய அணிக்குப் போகும் உரிமை பிறந்தது.

நம் நாட்டையும் பாருங்கள். கோவையில் ஆண்களுக்கு நாச்சிமுத்துக் கவுண்டர் கோப்பை, பெண்களுக்கு சி.ஆர்.ஐ. பம்ப்ஸ் கோப்பை என்று அகில இந்தியக் கூடைப்பந்துப் போட்டிகள் நடக்கின்றன. அதில் ஆட வரும் அணிகளின் பெயர்களைக் கவனித்திருக்கிறீர்களா? இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, இந்தியக் கடற்படை, கேரள மின்வாரியம், ரயில்வே... வங்கியும் மின்வாரியமும் எதற்காகப் பந்து விளையாடுகின்றன?

விளையாட்டு ஒதுக்கீட்டில் அவை வீரர்களுக்கு வேலை கொடுக்கின்றன. வேலை கிடைக்கும் இடத்தில் நல்ல ஆட்டக்காரர்கள் சேர்கிறார்கள். நாடு முழுவதும் இருந்து வீராங்கனைகளுக்கு வேலை தரும் ரயில்வே, தேசியப் பெண்கள் கூடைப்பந்தில் பல ஆண்டுகள் கொடிகட்டிப் பறந்ததற்கு இது முக்கியக் காரணம். மாநில அணிகளுக்கு இது கஷ்டம்தான். ஆனால், அந்த வீராங்கனையின் வீட்டை நினைத்துப் பாருங்கள். இந்திய அணிக்குத் தலைமை தாங்கி, 2021-ல் பத்மஸ்ரீ விருது பெற்ற தமிழக வீராங்கனை அனிதா பால்துரையும் தெற்கு ரயில்வேயில் பணியாற்றியவர்தான். விளையாடும் வயது குறைவு. குடும்பமோ வாழ்நாள் முழுவதும் இருக்கிறது. நிரந்தர வேலை கிடைக்கும் இடத்துக்குப் போகாதே என்று யாரால் சொல்ல முடியும்?

ஆக, வீரரின் உரிமையும் காக்கப்பட வேண்டும். ஆட்டத்தின் சமநிலையும் காக்கப்பட வேண்டும். தராசின் இரண்டு தட்டுகள் இவை. குற்றத்தை வீரர் தலையில் கட்டுவதைவிட, விதிகளைச் சரியாக அமைப்பதே புத்திசாலித்தனம்.

சமநிலைக்கு என்ன வழி?

முதல் வழி, பின்தங்கியவருக்கு முன்னுரிமை. என்.பி.ஏ.வில் புதிய இளம் வீரர்களை ஆண்டுதோறும் அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும். பலவீனமான அணிகளுக்கு முதலில் எடுக்கும் வாய்ப்பு அதிகம். "கடைசி இடம் பிடித்த அணிக்கே முதல் வாய்ப்பைக் கொடுத்துவிடலாமே?" என்றால், அங்கேதான் ஆபத்து! நல்ல வீரர் கிடைப்பார் என்று வேண்டுமென்றே தோற்கத் தொடங்கிவிடுவார்கள். அதனால் 1985 முதல் குலுக்கல் முறை வந்தது. 2019-ல் கடைசி மூன்று அணிகளுக்கும் ஒரே அளவு, அதாவது 100-க்கு 14 வாய்ப்பு என்று மாற்றினார்கள்.

இரண்டாவது வழி, சம்பள உச்சவரம்பு. ஓர் அணி வீரர்களின் சம்பளத்துக்கு இவ்வளவுதான் செலவிடலாம் என்று ஓர் அளவு வைப்பது. பணக்கார அணி எல்லோரையும் வளைத்துப் போட முடியாது.

"அப்படியானால் வாரியர்ஸ் எப்படி டியூரன்ட்டை வாங்கியது?" நல்ல கேள்வி! அந்த ஆண்டு தொலைக்காட்சி ஒப்பந்தத்தால் என்.பி.ஏ.வுக்குப் பெரும் பணம் வந்தது. அதனால் 7 கோடி டாலராக இருந்த உச்சவரம்பு, ஒரே தாவலில் 9 கோடியே 40 லட்சம் டாலருக்கு மேல் போய்விட்டது. வாரியர்ஸ் அணிக்குத் திடீரென்று இடம் கிடைத்தது. ஆண்டுக்குக் கொஞ்சமாக ஏற்றியிருந்தால் இந்தக் கதையே நடந்திருக்காது! 2023-ல் அதிகம் செலவிடும் அணிகளுக்கு விதிகள் இன்னும் இறுக்கப்பட்டன.

மூன்றாவது வழி உங்களுக்கு நன்றாகத் தெரிந்ததுதான். ஏலம்! ஐ.பி.எல். போட்டியில் எல்லா அணிகளுக்கும் ஒரே அளவு பணப்பை. 2025 பருவத்துக்கு ஓர் அணிக்கு 120 கோடி ரூபாய். சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியில் பிறந்த நடராஜன் பஞ்சாப், ஐதராபாத், டெல்லி என்று அணி மாறியது இந்த ஏலத்தால்தான்.

நம்ம ஊர்க் கதை

இப்போது டி.என்.பி.எல். போட்டிக்கு வருவோம். 2016-ல் தொடங்கிய இந்தப் போட்டியில் எட்டு அணிகள். நம் கொங்கு மண்டலத்தில் இருந்து மட்டும் கோவை, திருப்பூர், சேலம் என்று மூன்று.

முதல் ஆறு பருவங்களில் வீரர்களை வரிசை முறையில் தேர்ந்தெடுத்தார்கள். அந்த ஆறில் சேப்பாக்கம் அணி 2017, 2019, 2021 என்று மூன்று முறை தனியாகக் கோப்பையை வென்றது. 2022 இறுதிப் போட்டி கோவையில் நடந்தது. மழை விளையாடிவிட்டதால் சேப்பாக்கமும் கோவையும் கோப்பையைப் பகிர்ந்துகொண்டன. அதையும் சேர்த்தால் ஆறில் நான்கு முறை சேப்பாக்கம்!

2023-ல் முதன்முறையாக ஏலம் வந்தது. ஓர் அணிக்கு 70 லட்சம் ரூபாய். கோவை அணி, ஏற்கெனவே தங்களுக்காக ஆடிய சாய் சுதர்சனை 21 லட்சத்து 60 ஆயிரம் ரூபாய் கொடுத்து மீண்டும் எடுத்தது. இப்போது உங்களுக்கு ஒரு கணக்கு: 70 லட்சத்தில் 21 லட்சத்து 60 ஆயிரம் போனால் மீதி எவ்வளவு? 48 லட்சத்து 40 ஆயிரம். மற்ற எல்லா வீரர்களுக்கும் அதற்குள்தான் செலவிட வேண்டும். இதுதான் ஏலத்தின் சூட்சுமம். ஒரு நட்சத்திரத்தை எடுக்கலாம். நான்கு நட்சத்திரங்களை எடுத்தால் மற்றவர்களுக்குப் பை காலி!

அதன்பின் என்ன நடந்தது? 2023-ல் கோவை, 2024-ல் திண்டுக்கல், 2025-ல் திருப்பூர். மூன்று ஆண்டு, மூன்று சாம்பியன்கள்! ஏலம் மட்டும்தான் இதற்குக் காரணம் என்று சொல்லிவிட முடியாது. மூன்று ஆண்டுக் கணக்கு மிகச் சிறியது. ஆனால், "இந்த முறை யார்?" என்று எல்லா ஊர்ப் பிள்ளைகளும் ஆவலோடு கேட்க முடிகிறதே, அது நல்லதுதானே!

நட்சத்திரம் இல்லாத இரவு

2023 இறுதிப் போட்டியைப் பற்றி இன்னொன்று சொல்ல வேண்டும். திருநெல்வேலியில் நடந்த அந்த ஆட்டத்தில் கோவை அணி 205 ரன் குவித்து, நெல்லை அணியை 104 ரன் வித்தியாசத்தில் வென்றது. விலை உயர்ந்த சாய் சுதர்சன் அன்று ஆடவில்லை! சுரேஷ்குமார், முகிலேஷ், அத்தீக் உர் ரஹ்மான் ஆகிய மூவர் அரைசதம் அடித்தார்கள்.

கபடியிலும் இப்படி ஒன்று நடந்தது. 2022-ல் தமிழ் தலைவாஸ் அணி, 2 கோடியே 26 லட்சம் ரூபாய் கொடுத்து பவன் ஷெராவத்தை எடுத்தது. முதல் ஆட்டத்திலேயே அவருக்கு முழங்காலில் அடிபட்டு, பருவம் முழுவதும் ஆட முடியாமல் போனது. "தலைவாஸ் அவ்வளவுதான்" என்று எல்லோரும் நினைத்தார்கள். ஆனால், இளம் வீரர்கள் தோள் கொடுத்தார்கள். அணி முதன்முறையாக அரையிறுதிக்குப் போனது!

வாரியர்ஸ் அணிக்கும் 2019-ல் பாடம் கிடைத்தது. இறுதிப் போட்டியில் டியூரன்ட்டுக்கும் கிளே தாம்சனுக்கும் காயம். கோப்பை டொராண்டோ அணிக்குப் போனது. அன்று முதல் 2025 வரை ஏழு ஆண்டுகளில் ஏழு வெவ்வேறு அணிகள் என்.பி.ஏ. கோப்பையை வென்றன.

2025-ல் வென்றது யார் தெரியுமா? டியூரன்ட் விட்டுப்போன அதே ஓக்லஹோமா சிட்டி தண்டர்! பெரிய நட்சத்திரம் போன பிறகு, அவர்கள் இளைஞர்களைத் தேடி எடுத்து, பொறுமையாக வளர்த்து, ஒன்பது ஆண்டுகள் கழித்துக் கோப்பையைத் தூக்கினார்கள்.

பாட்டன் காலத்து 'உத்தி'

குலுக்கல், உச்சவரம்பு, ஏலம் எல்லாம் வெள்ளைக்காரன் மூளை என்று நினைத்துவிடாதீர்கள். நம் ஊர்ப் பிள்ளைகளிடம் இதற்கு அழகான வழி எப்போதோ இருந்தது. அதன் பெயர் 'உத்தி பிரித்தல்'. உங்கள் தாத்தா, அப்பத்தா, அமுச்சியிடம் கேட்டுப் பாருங்கள். முகம் மலர்ந்து சொல்வார்கள்.

இரண்டு தலைவர்கள் ஓரிடத்தில் நிற்பார்கள். மற்றவர்கள் தங்களுக்குச் சமமான ஒருவரோடு ஜோடி சேர வேண்டும். வேகமாக ஓடுபவனுக்கு வேகமாக ஓடுபவன். சின்னப் பையனுக்குச் சின்னப் பையன். ஒவ்வொரு ஜோடியும் தள்ளிப்போய் ரகசியமாகப் பெயர் வைத்துக்கொள்ளும். ஒருவன் 'சூரியன்' என்றால் மற்றவன் 'சந்திரன்'. தோளில் கை போட்டுத் திரும்பி வந்து, "உங்களுக்குச் சூரியன் வேணுமா, சந்திரன் வேணுமா?" என்று கேட்பார்கள். ஒரு தலைவர் ஒரு பெயரைச் சொல்வார். அந்தப் பெயருக்கு உரியவன் அந்தப் பக்கம், மற்றவன் எதிர்ப்பக்கம்.

எவ்வளவு சாமர்த்தியம் பாருங்கள்! சமமான இருவர் ஒரே அணியில் சேரவே முடியாது. யார் சூரியன் என்று தலைவருக்குத் தெரியாததால் வேண்டியவன், வேண்டாதவன் என்ற பேச்சும் இல்லை. "என்னைக் கடைசியாக எடுத்தார்களே" என்று எந்தப் பிள்ளையும் மனம் வாட வேண்டியதும் இல்லை. பணமும் இல்லை, ஏலமும் இல்லை!

செய்து பாருங்கள்!

1. அடுத்த விளையாட்டுப் பீரியடில் உத்தி பிரித்து ஆடுங்கள். வழக்கமாகப் பிரிக்கும் முறையில் ஓர் ஆட்டம், உத்தி முறையில் ஓர் ஆட்டம். இரண்டிலும் வெற்றி வித்தியாசம் எத்தனை புள்ளி என்று நோட்டில் குறியுங்கள்.

2. இப்படிப் பத்து ஆட்டங்களுக்குக் குறித்து, இரண்டு முறைக்கும் சராசரி கண்டுபிடியுங்கள். எந்த முறையில் வித்தியாசம் குறைவு?

3. எந்த முறையில் கடைசி வரை எல்லோரும் ஆடினார்கள், யாருக்கும் வயிற்றுவலி வரவில்லை என்பதையும் மறக்காமல் எழுதுங்கள்!

உங்களில் நன்றாக ஆடுபவர்களுக்கு ஒரு வார்த்தை. அடுத்த முறை அணி பிரிக்கும்போது, "நான் அந்தப் பக்கம் போகிறேன், ஆட்டம் சமமாக இருக்கட்டும்" என்று நீங்களே சொல்லிப் பாருங்கள். 12-க்கு 0 என்று வெல்வதைவிட, 21-க்கு 20 என்று மூச்சிரைக்க வெல்வதில் எவ்வளவு இன்பம் இருக்கிறது என்பது அப்போது புரியும். ஒருவேளை தோற்றாலும், அந்த ஆட்டத்தைத்தான் வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொல்வீர்கள்!